மேஜைக்கு அடியில் ஒரு பார்வதி

மாரிசெல்வத்தை நான் முதன்முதலில் பார்த்தபோது அவன் என் கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டிருந்தான். 2016, ஜூன் மாதம். செம்பூரில் ஒரு ஆபீசில் கான்ட்ராக்டில் சேர்ந்து எனக்கு அது இரண்டாவது நாள். காலையிலிருந்து என் கறுப்புத் திரை ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தது: 407. அதாவது, நீ யாரென்று தெரியவில்லை, வெளியே விட முடியாது. ஹெல்ப் டெஸ்க்கிலிருந்து அனுப்பிவைத்த ஆள், மழையில் நனைந்த சட்டையும் கக்கத்தில் ஒரு நோட்டுமாக வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தான். என்னிடம் பேசியதெல்லாம் மரியாதையான இந்தி. திரையிடம் மட்டும் தனக்குள்ளே, "சனியன், சொன்னா கேக்க மாட்டங்கான்" என்றான்.

"தமிழா நீ?" என்று கேட்டேன்.

"ஆமா மேடம். மாட்டுங்கா லேபர் கேம்ப்."

"நானும் மாட்டுங்காதான்."

"ஒங்க மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம். எங்க மாட்டுங்கா இந்தப் பக்கம், தாராவிக்குள்ள," என்று சொல்லிவிட்டு மறுபடியும் திரைக்குத் திரும்பினான்.

எங்கள் இருவருக்கும் அப்போது இருபத்தெட்டு வயது. முதல் வார்த்தையிலேயே நான் அவனை 'நீ' என்றேன்; அவன் என்னை இன்றைக்கு வரை 'மேடம்' என்கிறான். இதில் தப்பு இருப்பதாக அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது. ஆனால் மாற்றினால் அவன்தான் நெளிவான் என்பதால் விட்டுவிட்டேன்.

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆபீசிலிருந்து இணையத்துக்குப் போக ஒரே ஒரு வாசல்தான். அந்த வாசலில் பிராக்சி என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். நம் ஐடியையும் பாஸ்வேர்டையும் சொன்னால்தான் வெளியே விடும். யார் எங்கே போனார்கள், எத்தனை தடவை போனார்கள் என்று எழுதியும் வைத்துக்கொள்ளும். பிரவுசருக்கு இதெல்லாம் பழக்கம், தானே சொல்லிவிட்டுப் போய்விடும். ஆனால் எங்களைப் போன்றவர்கள் கறுப்புத் திரையில் தட்டித் தட்டி வேலை வாங்கும் கருவிகள் இருக்கின்றனவே, கிட், என்பிஎம், பிப், கர்ல் என்று, அவற்றுக்கு வாசல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்றிடம் சொன்னது அடுத்ததன் காதில் விழாது. கல்யாண வீட்டில் மாமாவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினாலும் சித்தப்பா தன்னிடம் சொல்லவில்லை என்று முறுக்கிக்கொள்வாரே, அந்தக் கதைதான்.

இந்தச் சித்தப்பாக்களையெல்லாம் சமாளிக்கத் தெரிந்தவன் அந்த மூன்று மாடி ஆபீசில் மாரிசெல்வம் ஒருவன்தான். இத்தனைக்கும் அவன் பி.காம். இன்ஜினியரிங் படித்த நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்போம், அவன் நோட்டைத் திறப்பான். அந்த நோட்டை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. கட்டளைகள் ஆங்கிலத்தில் இருக்கும். பக்கத்தில் குறிப்புகள் தமிழில், ஆனால் இந்தி எழுத்தில் இருக்கும். முனிசிபல் பள்ளியில் இந்தி மீடியம் படித்தவன். தமிழில் தன் பெயரை மட்டும்தான் எழுத வரும். எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தேன். "கிட் நல்ல பையன், ஒரு தடவ சொன்னாப் போதும்." "என்பிஎம்முக்கு ரெண்டு தடவ சொல்லணும்." "பிப் மறதிக்காரன், ஃபைல்ல எழுதி வை." ஆபீசுக்குள்ளேயே இருக்கும் சர்வர்களுக்குப் பிராக்சி வழியாகப் போகக் கூடாது என்பதற்கு அவன் எழுதியிருந்தது: "சொந்த வீட்டுக்குள்ள போக வாட்ச்மேன்ட்ட கேப்பாங்களா."

அன்றைக்கு என் மெஷினில் ஐந்து இடத்தில் வாசலுக்கு வழி எழுதினான். எழுதி முடித்ததும் காலையிலிருந்து முரண்டு பிடித்த கருவி, கேட்டதை இணையத்திலிருந்து சமர்த்தாக இறக்க ஆரம்பித்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குத்தான் இன்னும் ஐடியே வரவில்லையே என்றேன்.

"கான்ட்ராக்ட்டுக்கு ஐடி வர மூணு வாரம் ஆகும் மேடம். சில பேருக்கு ஆறு வாரம். அது வரைக்கும் பார்வதி வழியாப் போங்க."

"யாரு பார்வதி?"

"எங்கம்மா," என்றான்.

கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினான். அவன் மேஜைக்கு அடியில், கால் வைக்கிற இடத்தில், ஆபீஸ் கழித்துப்போட்ட ஒரு பழைய பெட்டி. மானிட்டர்கூடக் கிடையாது. உள்ளே ஒரு சின்ன புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் தன் ஐடியையும் பாஸ்வேர்டையும் கொடுத்து வைத்திருந்தான். எங்கள் கருவிகள் அந்தப் பெட்டியிடம் கேட்கும். பெட்டி மாரிசெல்வத்தின் பெயரைச் சொல்லி வாசலைத் தாண்டி எடுத்து வந்து கொடுக்கும். பிராக்சியின் கணக்கில் நாங்கள் எல்லோரும் மாரிசெல்வம்தான். நெட்வொர்க்கில் அந்தப் பெட்டிக்கு அவன் வைத்த பெயர் பார்வதி.

இது விதிக்கு விரோதம் என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். ஏன் செய்கிறாய் என்று ஒரு நாள் சாயங்காலம் சயான் போகும் பஸ்சில் கேட்டேன். அவன் நேராகப் பதில் சொல்லாமல் தண்ணீர்க் கதையை எடுத்தான்.

அவர்கள் சந்தில் நாலு வீட்டுக்குக் குழாய் கிடையாதாம். காலையில் இரண்டு மணி நேரம் தண்ணீர் வரும்போது அவன் அம்மா பார்வதியம்மாள் தன் குழாயில் ரப்பர் பைப்பைச் செருகி, வீட்டுக்குக் கால் மணி நேரம் என்று விடுவார். முனிசிபாலிட்டிக்குத் தெரிந்தால் அதுவும் தப்புதான்.

"குடுத்தவங்க ஒரு நாளும் பைப்ப எடுன்னு சொல்லக் கூடாது மேடம். எங்க சந்துல அது பழக்கம். வாங்குனவங்களுக்குச் சொந்தமாக் கொழா வந்தா, அவங்களே பைப்பச் சுருட்டிக் குடுத்துருவாங்க. புதுக் கொழால பிடிக்கிற மொதக் கொடத்த, தண்ணி குடுத்த வீட்டுக்குக் கொண்டாந்து ஊத்தணும். எங்கம்மா வெறுங்கொடமாத் திருப்ப மாட்டாங்க, ஒரு பிடி அரிசி போட்டுக் குடுப்பாங்க. அதோட சரி."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஐடி இல்லாம மூணு வாரம் சும்மா உக்காந்திருக்கவன் மூஞ்சியப் பாத்திருக்கீங்களா மேடம்? கொழா இல்லாத வீட்டு மூஞ்சிதான்."

அந்த மூன்று மாதங்களைப் போல ஒரு ஆபீஸ் வாழ்க்கை எனக்குப் பிறகு வாய்க்கவே இல்லை. பார்வதியை நம்பி நாங்கள் பதினோரு பேர் இருந்தோம். கோவண்டியிலிருந்து வரும் ஃபர்ஸானாவுக்கு அது முதல் வேலை. நெட் மெதுவாக ஓடினால் அவள், "பார்வதி ஆன்ட்டிக்கு இன்னைக்கு உடம்பு சரியில்லை" என்று இந்தியில் அறிவிப்பாள். நாற்பத்தைந்து நாளைக்கு ஒருமுறை மாரிசெல்வம் பாஸ்வேர்டு மாற்ற வேண்டியிருக்கும். மாற்றியதைப் பெட்டியில் சொல்ல மறந்துவிடுவான். பதினோரு திரையிலும் ஒரே நேரத்தில் 407 வரும். பதினோரு தலைகள் தடுப்புக்கு மேலே எழும்பி அவன் இருக்கையைப் பார்க்கும். "டென்ஷன் வேண்டாம், டென்ஷன் வேண்டாம்" என்று கையைத் தூக்கிக் காட்டிவிட்டு மேஜைக்கு அடியில் குனிவான். மத்தியானம் அவன் டிபன் டப்பாவில் பார்வதியம்மாள் கொடுத்துவிட்ட கருவாட்டுக் குழம்பு இருக்கும் நாட்களில், எங்கள் வீட்டு மோர்க்குழம்பைத் தொட ஆள் இருக்காது. அந்தச் சிரிப்பும் சத்தமும் இப்போது வீட்டில் தனியாக உட்கார்ந்து மீட்டிங் பேசும் எனக்கு எங்கே கிடைக்கப்போகிறது? ஏக்கமாகத்தான் இருக்கிறது.

ஜூலை கடைசியில் எனக்கு ஐடி வந்தது. இரண்டு நாள் கழித்து மாரிசெல்வம் வந்து நின்றான்.

"ஒங்க ஐடி வந்துருச்சுன்னு மெயில் பாத்தேன் மேடம். மாத்திக்கிட்டீங்களா?"

"மாத்திட்டேன் மாரி."

மாற்றவில்லை. ஐந்து இடத்தில் மாற்ற வேண்டும், ஓடுகிற ஒன்றைக் கலைத்தால் திரும்ப ஓடுமோ ஓடாதோ, அந்த வாரம் எனக்கு ஒரு வேலையை முடித்துத் தர வேண்டியிருந்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பெரிய பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே இல்லை. அவன் தலையாட்டிவிட்டுப் போனான். அந்த அப்புறம் வரவே இல்லை.

செப்டம்பரில் கணபதி விசர்ஜனம் முடிந்த வாரம். தசரா கழிந்ததும் மாரிசெல்வத்தைக் கம்பெனி ரோலில், அதாவது நிரந்தர ஆளாக, எடுப்பதாகக் கம்ப்யூட்டர் பிரிவின் தலைவர் வாசிம் சார் சொல்லியிருந்தார். ஐந்து வருஷம் ஏஜென்சி ஆளாகவே இருந்தவன். சந்தில் எல்லா வீட்டிலும் பார்வதியம்மாள் சொல்லிவைத்துவிட்டார். கடிதம் டைப் ஆகிக்கொண்டிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பிப் வழியாக ஒரு சின்னப் பேக்கேஜை, யாரோ எழுதிப் பொதுவில் வைத்த புரோகிராமை, இறக்கினேன். நன்றாக இருக்கிறது என்று யாரோ இணையத்தில் எழுதியிருந்தார்கள், நானும் நம்பினேன். அதன் வயிற்றுக்குள் வேறு ஏதோ இருந்தது. நான் வீட்டுக்குப் போன பிறகும் என் மெஷினிலிருந்து அது வெளிநாட்டில் ஏதோ ஒரு முகவரியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. திங்கட்கிழமை காலை செக்யூரிட்டி பிரிவின் அறிக்கையில் ஆயிரக்கணக்கான அழைப்புகள். எல்லாவற்றுக்கும் எதிரே ஒரே பெயர்: மாரிசெல்வம்.

அவன் என் மேஜைக்கு வந்தான். முகத்தில் கோபம் இல்லை.

"மேடம், வெள்ளிக்கிழமை எதாச்சும் புதுசா எறக்குனீங்களா?"

 தலையாட்டிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தேன். அவன் உட்கார்ந்து இருபது நிமிடத்தில் அந்தப் பேக்கேஜைத் தேடிப் பிடித்து அழித்து, என் மெஷினைச் சுத்தம் செய்தான். முடித்ததும், வாசிம் சாரிடம் போய் நான்தான் என்று சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"சொல்லாதீங்க மேடம்."

"ஏன்? உன் வேலை போயிடும் மாரி."

"நீங்க சொன்னா, எப்படி என் பேர்ல போனீங்கன்னு கேப்பாங்க. பெட்டியக் கேப்பாங்க. பெட்டிக்குள்ள இப்ப நாலு பேரு ஐடி வராம இருக்காங்க. அடுத்தவன் ஐடிய எடுத்தா அன்னைக்கே வெளிய, ரூல் ஒங்களுக்குத் தெரியும். ஃபர்ஸானா ஒரு மாசமாத்தான் வாரா."

அவன் சொன்ன காரணம் நியாயமானது. அதைவிட, எனக்கு அது ரொம்ப வசதியாக இருந்தது. நான் இன்னொரு தடவை வற்புறுத்தவில்லை. அவனைக் காப்பாற்றவில்லை என்பதைவிட, அந்த நிமிடத்தில் எனக்குள் வந்த நிம்மதிதான் இத்தனை வருஷமும் என்னை அரித்திருக்கிறது.

அவன் பெட்டியில் இருந்த பதிவுகளையெல்லாம் அழித்துவிட்டு வாசிம் சாரிடம் போனான். பெட்டி என்னுடையது, ஏதோ சோதித்துப் பார்த்தேன், தப்பாகிவிட்டது என்றான். வாசிம் சார் நல்ல மனிதர். யாரையோ மறைக்கிறான் என்று அவருக்குத் தெரிந்தது. மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அவன் அதையே சொன்னான். கம்பெனி ரோல் கடிதம் டைப் செய்த இடத்திலேயே நின்றது. ஏஜென்சி அவனைத் திரும்ப எடுத்துக்கொண்டு தாணேயில் ஒரு காலேஜுக்கு அனுப்பியது.

கடைசி நாள் அவன் ஒவ்வொருவர் இருக்கைக்கும் வந்தான். ஐடி இல்லாத நாலு பேருக்கும் வாசிம் சாரைக் கெஞ்சி அன்றைக்கே ஐடி வாங்கிக் கொடுத்திருந்தான். என்னிடம், "பார்வதிய நிறுத்திட்டேன் மேடம். ஒங்க ஐடிய அஞ்சு எடத்துலயும் போட்டுக்கோங்க" என்றான். நான் நாலு இடத்தில் போட்டேன். பிப் பக்கம் போகவே பயமாக இருந்தது, அதை மட்டும் தொடவில்லை.

பஸ்சில் சயான் வரை கூடவே வந்தான். "அம்மாட்ட தாணேல நல்ல எடம்னு சொல்லிட்டேன். நெசந்தான மேடம், காலைல கூட்டத்துக்கு எதிர்ப்பக்கம் போற ட்ரெயின், உக்காந்துட்டுப் போலாம்" என்றான். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கும்போது அவன் கையில் அந்த நோட்டு இருந்தது.

முதல் இரண்டு தீபாவளிக்கு வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்பினேன். பிறகு அதுவும் நின்றது. அவன் நம்பரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சமாதானம் வைத்திருந்தேன். என் வார்த்தையை நம்பினான், அதனால்தான் என் மெஷினை அவன் சரிபார்க்கவில்லை, பாவம், ஏமாந்துவிட்டான். நினைத்தால் கஷ்டமாகவும் இருக்கும், ஒரு விதத்தில் பெருமையாகவும் இருக்கும். என்னை நம்பிய ஒருவன் இருந்தான் அல்லவா?

இதற்கு நடுவில் மூன்று கம்பெனி மாறிவிட்டேன். லேப்டாப் மாறும்போதெல்லாம் பழைய செட்டிங் ஃபைல்களை அப்படியே அள்ளிப் புதிதில் கொட்டிவிடுவேன். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற சோம்பேறித்தனம். போன மாதம் புது வேலை. இங்கேயும் ஒரு பிராக்சி இருக்கிறது. ஒன்பது வருஷமாகத் தொடாத பிப் இந்த வேலைக்குத் தேவைப்பட்டது. கட்டளையைத் தட்டினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் பதில் வந்தது: பார்வதி என்ற பிராக்சியை எட்ட முடியவில்லை.

ஒரே ஒரு வரி. ஃபைலைத் திறந்து அழித்துவிட்டு, புது வாசலின் பெயரை எழுதினால் தீர்ந்தது. ஒரு நிமிட வேலை. நான் ஃபைலைத் திறந்துவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே போனை எடுத்தேன்.

"சொல்லுங்க மேடம்," என்றான், நேற்றுத்தான் பேசியது போல.

நலம் விசாரித்தோம். அந்தக் காலேஜிலேயே மூன்றாவது வருஷம் நிரந்தரமாக எடுத்துக்கொண்டார்களாம். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. கேம்ப்பில் அவர்கள் சந்து வீடுகளை இடித்து ஏழு மாடிக் கட்டடம் கட்டிவிட்டார்களாம். வீட்டுக்கு வீடு குழாய், நாள் முழுக்கத் தண்ணீர்.

"அம்மாவுக்குத்தான் பொழுது போவல. பைப்பு கேட்டு யாரும் வரதில்லைல்லா," என்று சிரித்தான்.

"மாரி, பிப் ஃபைல்ல பார்வதி இன்னும் இருக்கு."

அவன் வாய் திறப்பதற்குள் மீதியையும் சொன்னேன்.

"அன்னிக்கு மாத்திட்டேன்னு உன்கிட்டப் பொய் சொன்னேன். நீ என்னை நம்பிட்டே. உன் வேலை போனது என்னாலதான். ஒன்பது வருஷமா சொல்ல தைரியம் இல்ல."

"எனக்கு அன்னைக்கே தெரியும் மேடம்," என்றான்.

"எது?"

"நீங்க மாத்தலன்னு. பெட்டில பாத்தா யாரு யாரு வராங்கன்னு தெரியும்லா. நீங்க மாத்திட்டேன்னு சொன்ன பொறவும் ஒங்க மெஷின் டெய்லி வந்துட்டுத்தான் இருந்துச்சு. ரெண்டு மாசமும் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

"அப்போ ஏன் கேக்கல?"

"ஒரு தடவ கேட்டேன்ல மேடம். எங்கம்மா அந்த ஒரு தடவகூடக் கேக்க மாட்டாங்க. ரெண்டாவது தடவ கேக்க எனக்கு வாய் வரல."

இத்தனை வருஷம் நான் கட்டிக் காத்த சமாதானம் அங்கேயே உடைந்தது. அவன் ஏமாறவில்லை. தெரிந்தே விட்டிருக்கிறான். அழுகை வந்தது. மறைக்கவில்லை.

"சரி மேடம், இப்ப எடுங்க," என்றான். "நான் லைன்லயே இருக்கேன்."

அழித்தேன். புது வாசலை எழுதினேன். ஓட்டிப் பாருங்க என்றான், ஓட்டினேன். என்ன சொல்லுது என்று கேட்டான். இறங்குகிறது என்றேன். முழுசாக இறங்கி முடியும் வரை போனை வைக்கவில்லை.

"பைப்பச் சுருட்டியாச்சு," என்றான். "அப்ப ஒரு கொடம் பாக்கியிருக்கு மேடம்."

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் நான் விலாசம் கேட்டு வாங்கிக்கொண்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாயில் ஒரு சின்ன எவர்சில்வர் குடத்தில் தண்ணீர் பிடித்து, வாயைத் தட்டால் மூடி, டாக்சியில் மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். ஸ்டேஷன் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கத்து மாட்டுங்காவுக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. ரோட்டுப் பள்ளத்தில் குலுங்கிப் பாதிப் புடவை நனைந்துவிட்டது. மூன்றாவது மாடி. கதவைத் திறந்தது பார்வதியம்மாள். எழுபதைத் தாண்டிய, ஒல்லியான உருவம்; வெடுக்கென்ற பார்வை. என் முகத்தைக் கொஞ்சம் பார்த்தார். பிறகு குடத்தைப் பார்த்தார்.

"எந்த வீட்டுக்குக் கொழா வந்திருக்கு?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்கும்மா. வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. நான்தான் லேட்டு."

உள்ளேயிருந்து மாரிசெல்வம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தான். பார்வதியம்மாள் வேறொன்றும் கேட்கவில்லை. குடத்தை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய், நிறைந்திருந்த தண்ணீர் டிரம்மின் மூடியைத் திறந்து ஊற்றினார். அது வழிந்து தரையெல்லாம் ஓடியது. குடத்தைத் துடைத்து, ஒரு பிடி அரிசி போட்டு, என் கையில் கொடுத்தார்.